நாலு கப்புப் பால்

சவரிமுத்துவுக்குச் சோறு போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. இந்தப் பதினோரு வருடத்தில் ராஜமேரி ஆக்கிப் போட்ட எதையும் அவன் ஒரு தடவைகூட நல்லாருக்கு என்று சொன்னதில்லை. நல்லாயில்லை என்றும் சொன்னதில்லை, அது வேறு. உப்பு குறைந்தால் கையை நீட்டுவான், உப்பு ஜாடி வரும். காரம் கூடினால் மோரை ஊற்றிக்கொள்வான். சாப்பிட்டு முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவான். நாக்கு அப்படிப்பட்ட நாக்கு, மனுஷன் அப்படிப்பட்ட மனுஷன், என்ன செய்ய என்று ராஜமேரியும் பழகிப்போயிருந்தாள். அவன் தம்பி பிலவேந்திரனும் அதே அச்சுதான். செத்துப்போன மாமனாரும் அப்படித்தானாம். அந்தக் குடும்பத்து ஆம்பளைகளுக்கு வாயில் பூட்டு என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் பூட்டு எண்பத்தாறாம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. யாருக்காகத் திறந்தது என்பதில்தான் வந்தது வினை.

பிலவேந்திரனுக்கு அந்த வருடம் வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பாக்கியமேரி, பதினாலு வயதிலிருந்து பெங்களூரில் ஒரு டாக்டரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு அந்த டாக்டரம்மா ஒரு கண்ணாடி ஜக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். கனத்த கண்ணாடி, ஊற்றுவதற்கு வாகாக ஒரு மூக்கு, உடம்பு முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு மில்லிக் கணக்கு. மேலே ஐநூறில் போய் முடியும். அண்ணன் தம்பி வீடுகள் இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், முன்னால் ஒரே வாசல். அதனால் அந்த வீட்டில் ஜக்கைக் கழுவிக் கவிழ்த்தால் இந்த வீட்டில் ராஜமேரிக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாக்கியம் கேக்கு சுட்டாள். அந்த ஊரில் வீட்டில் கேக்கு சுட்டவர்கள் அதுவரை யாரும் கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் ஆற்று மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றி, மணல் சூடேறியதும் அதன்மேல் கேக்கு டப்பாவை இறக்கி, மூடி போட்டு, மூடியின் மேலும் தணலை அள்ளிக் கொட்டினாள். விறகு தள்ளிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ராஜமேரி அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். விறகு தள்ளப் போனாளா வேவு பார்க்கப் போனாளா என்று கேட்டால் அவளே பதில் சொல்லத் திணறுவாள்.

மைதாவும் சர்க்கரையும் கடையில் எடை போட்டு வாங்கிய அரை அரைக் கிலோ. முட்டை மூன்று. டால்டாவை உருக்கி ஜக்கில் ஊற்றி, கோட்டோடு கண்ணை வைத்துப் பார்த்து, "இருநூத்தி நாப்பது" என்றாள் பாக்கியம். அதைக் கவிழ்த்துவிட்டுப் பாலை ஊற்றி, "நானூத்தி எம்பது" என்றாள். சொல்லிக்கொண்டே செய்வது அவளுக்குப் பெங்களூரில் பிடித்த பழக்கம். எட்டாவது வரை படித்த ராஜமேரிக்கு அந்த இரண்டு எண்ணும் அப்படியே மனசில் பதிந்துவிட்டன. எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

மறுநாள் பூசை முடிந்து வந்து சவரிமுத்து வாசலில் உட்கார்ந்தான். ராஜமேரி ஒரு தட்டில் தன்னுடைய அதிரசத்தையும் முறுக்கையும் கொண்டுவந்து வைத்தாள். பாக்கியம் வந்து அதே தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கேக்கை வைத்துவிட்டுப் போனாள். சவரிமுத்து கேக்கை எடுத்தான், கடித்தான், மென்றான்.

"நல்லாருக்கு" என்றான்.

ராஜமேரி தனக்குக் காது கேட்டது சரிதானா என்று நின்றாள்.

"இன்னொரு துண்டு இருக்குதான்னு கேளு" என்றான் அவன்.

கேட்டு வாங்கி வந்ததும் அவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க மாமாவுக்கு இன்னொரு துண்டு வேணுமாம்" என்று கையை நீட்டி வாங்கி வந்தாள். அந்தப் பத்தடி தூரம் நடந்தபோது அவள் வயிறு எரிந்த எரிச்சலுக்கு, அதன் மேலேயே ஒரு கேக்கு சுட்டிருக்கலாம். அதிரசம் அப்படியே இருந்தது. பாகு பதம் பார்த்துப் பார்த்து, இடுப்பு ஒடியச் சுட்ட அதிரசம்.

அதற்கப்புறம் அவளால் ஒரு வேலையும் நிம்மதியாகச் செய்ய முடியவில்லை. பாக்கியம் பக்கத்தில் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது. பாக்கியம் சேலை கட்டும் விதம், பேசும்போது நடுவில் கன்னடத்தில் ஒரு வார்த்தை போடும் விதம், தண்ணீர்த் தொட்டியில் சொம்பை முக்கும் விதம் எல்லாமே பிடிக்காமல் போனது. போதாக்குறைக்கு அடுத்த தெருக் காசியம்மாள் வேறு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டுத் தட்டு காசியம்மாள் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அங்கிருந்து தட்டு திரும்பி வரும். இந்தப் பொங்கலுக்கு அவள் தட்டோடு வந்தவள், "அடுத்த வருசம் எங்களுக்கு அதிரசமெல்லாம் வேணாங்க ராஜமேரி, அந்தக் கேக்கே குடுத்துடுங்க. புள்ளைங்க அதையே கேக்குதுங்க" என்றாள். கள்ளங்கபடமில்லாமல்தான் சொன்னாள். ராஜமேரி சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி வைத்தாள். உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டியதில் சவரிமுத்து எட்டிப் பார்த்தான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஊர் எதை வேண்டுமானாலும் மெச்சிக்கொள்ளட்டும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. புருஷன் வாயிலிருந்து, அவள் கையால் செய்ததைத் தின்றுவிட்டு, நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை. பதினோரு வருடமாக அது இல்லாமலே இருந்தவளுக்கு, அது இன்னொருத்திக்குக் கிடைத்தபின் இல்லாமல் முடியவில்லை.

தவக்காலம் வந்தது. கறி கிடையாது, இனிப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் சிலுவைப்பாதை. முழங்காலில் நின்று மனம் வருந்த வேண்டிய நேரத்தில் ராஜமேரி, முன் வரிசையில் முக்காடு போட்டு நிற்கும் பாக்கியத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குத் தானும் கேக்கு சுடுவது என்று முடிவு செய்தது ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுந்த ஸ்தலத்தில். சாமியார் ஜெபம் சொல்ல, இவள் கோழி இன்னும் எத்தனை முட்டை வைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில், "பொறாமப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள். யார் மேல் என்று சாமியாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கேக்கு சுட வேண்டுமானால் அளவு வேண்டும். மறுநாள் வீம்பை முழுங்கிக்கொண்டு பாக்கியத்திடம் போனாள்.

"ஈஸ்டருக்கு நான் கேக்கு பண்ணலாம்னு இருக்கறேன். உருக்கின டால்டாவும் பாலும் எவ்வளவு ஊத்தறது?"

பாக்கியத்தின் முகம் மலர்ந்தது. "பண்ணுங்கக்கா. ஜக்க எடுத்துக்கிட்டுப் போங்க. கோடு பாத்து ஊத்தினா தப்பே வராது."

ஜக்கை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வருவதா? அந்த ஜக்கால்தான் கேக்கு வந்தது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். "ஜக்கு எதுக்கு? எங்கூட்ல கப்பு இல்லையா?" என்றாள் ராஜமேரி. "கப்புல எத்தனன்னு சொல்லு, போதும்."

"அப்ப அந்தக் கப்ப எடுத்துக்கிட்டு வாங்கக்கா, பாத்துச் சொல்றேன்."

ராஜமேரி வீட்டுச் சுவர் அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஆறு பீங்கான் கப்பும் ஆறு சாசரும் இருந்தன. விளிம்பில் நீலப்பூ. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த அவள் அண்ணன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. வீட்டில் எல்லாருக்கும் காப்பி எவர்சில்வர் டம்ளரில்தான். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வரும் அன்று மட்டும் ஒரு கப்பு கீழே இறங்கும். சாமியார் நாலு வாய் உறிஞ்சிவிட்டு வைப்பார். கழுவித் துடைத்து மறுபடியும் மேலே ஏற்றிவிடுவாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தனக்கும் ஒரு பவிசு இருக்கிறது என்று காட்டுகிற நடையில் போனாள்.

பாக்கியம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்குதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் கொண்டுபோனாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கப்பைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ராஜமேரிக்குச் சுருசுருவென்று ஏறியது. தூசி படாமல் கண்ணாடிக்குள் வைத்த கப்பை இவள் கழுவிக் கொடுக்கிறாளா? அவ்வளவு சுத்தமோ பெங்களூர்க்காரி?

"டால்டா ரெண்டு கப்புங்கக்கா. பாலு நாலு கப்பு" என்றாள் பாக்கியம். சோடா பவுடரும் வாசனைக்கு எசென்ஸும் தானே கொடுத்தாள்.

ராஜமேரி கப்பை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு நடந்தாள். பாக்கியம் பின்னாலிருந்து என்னமோ சொன்னாள். ராஜமேரி திரும்பவில்லை. ரெண்டு, நாலு, ரெண்டு, நாலு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்தியதும் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டவுடன் இப்படியா அளவைச் சொல்லுவாள் ஒருத்தி? ஊரெல்லாம் மெச்சுகிற பலகாரத்தின் அளவை எந்தப் பெண்ணாவது முழுசாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளா? ராஜமேரியே அதிரசப் பாகைக் கேட்டவர்களுக்கு ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். தன் மனசை வைத்து அவள் பாக்கியத்தின் மனசை அளந்தாள். அளந்து பார்த்ததில் அது கறுப்பாகத் தெரிந்தது.

பிள்ளைகள் இரண்டும் தருமபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தன. பரீட்சை நேரம் என்பதால் ஈஸ்டருக்கு அனுப்ப மாட்டார்கள். பார்த்துவிட்டு வரப் போனவள், போர்டிங்கில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், கேக்கு அளவுல ஒரு கப்புன்னு சொல்றாங்களே, அது எத்தன மில்லி?"

"இருநூத்தி நாப்பது" என்றார் சிஸ்டர், யோசிக்கக்கூட இல்லை. "எங்க புஸ்தகத்துல எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கும்."

"எந்தக் கப்பா இருந்தாலுமா?"

"கப்புன்னா அதாம்மா கணக்கு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் சாம்பாரைக் கிண்டப் போய்விட்டார்.

பஸ் அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் ராஜமேரி கணக்கை முடித்துவிட்டாள். அன்றைக்குப் பாக்கியம் ஜக்கில் ஊற்றிய டால்டா இருநூற்று நாற்பது. அப்படியென்றால் ஒரு கப்பு. பால் நானூற்று எண்பது. அப்படியென்றால் ரெண்டு கப்பு. அவள் சொன்னதோ ரெண்டும் நாலும். இரட்டிப்பு! கேக்கு மாவு கூழாகப் போகட்டும், குண்டானில் கொதித்து வழியட்டும், மூத்தவள் தன் புருஷன் முன்னால் கூழை வைத்துக்கொண்டு முழிக்கட்டும் என்றுதானே? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராஜமேரிக்குக் கோபத்திலும் ஒரு சந்தோஷம். தான் நினைத்தது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம். எட்டாவது படித்ததற்கு இன்றைக்குத்தான் பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம், அவள் அடுப்பை மூட்டினாள். அலமாரியிலிருந்து நீலப்பூக் கப்பு இறங்கியது. அந்தக் கப்பில் ஒரு கப்பு டால்டா, ரெண்டு கப்புப் பால். ஒரு சொட்டு கூட வழியாமல் ஊற்றினாள். மாவு கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. தோள்பட்டை வலிக்கக் கிண்டினாள். பாக்கியத்தின் மாவு கரண்டியிலிருந்து நாடா மாதிரி இறங்கியது நினைவுக்கு வந்தது. அது பெங்களூர் மாவாக இருக்கும், இது நம் ஊர் மாவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மணல், தணல், மூடி எல்லாம் பார்த்தபடியே செய்தாள்.

திறந்து பார்த்தபோது கேக்கு மேலே வெடித்து, வெயில் காலத்து ஏரி மாதிரி கிடந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். கேக்கு தட்டில் விழுந்த சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம், "என்னங்கக்கா விழுந்துச்சு?" என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. அம்மிக் குழவி" என்றாள் ராஜமேரி.

அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே பாக்கியத்தைத்தான் திட்டினாள். பாதியாகக் குறைத்தே இந்தக் கதி என்றால், அவள் சோடா பவுடரில் எதையோ கலந்து கொடுத்திருக்கிறாள். அரைக் கிலோ சர்க்கரையும் மூன்று முட்டையும் போட்டதைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. அரிவாள்மணையில் வைத்து அழுத்தி, துண்டு துண்டாக நறுக்கி, தோசைக்கல்லில் அடுக்கி, மீதித் தணலில் சிவக்கக் காய வைத்தாள். ஆறியதும் ஒரு டின்னில் போட்டு மூடினாள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காப்பியோடு கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

ஈஸ்டர் அன்று காலையில் சவரிமுத்து அடுப்படிக்கே வந்து மணைமேல் உட்கார்ந்தான். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டவன், பக்கத்திலிருந்த டின்னைத் தானாகவே திறந்தான். ராஜமேரி தடுக்கக் கையை நீட்டுவதற்குள் ஒரு துண்டைக் காப்பியில் முக்கி வாயில் போட்டுவிட்டான். கடக் முடக்கென்று மென்றான். இன்னொன்றை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான்.

"நல்லாருக்கு" என்றான்.

ராஜமேரி அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றாள். பால் பொங்கி வழிந்தது.

"இந்த வர்க்கி பாக்கியம் குடுத்தாளா?" என்று கேட்டான் சவரிமுத்து. டீக்கடை ஜாடியில் காப்பிக்கு முக்கித் தின்ன வைத்திருக்கும் மொறுமொறு வர்க்கி என்றே நினைத்துவிட்டான்.

"நான் செஞ்சது" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நீயா?" அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வர்க்கியெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட? பிலவேந்திரனுக்கும் ரெண்டு குடு."

கொடுத்தாள். ரெண்டு என்ன, ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பினாள். அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. கறிக்குழம்பு வைக்கும்போது வாய் தானாக அல்லேலூயா பாடியது. கேக்கு கெட்டுப்போனது யாருக்குத் தெரியும்? அது வர்க்கி. அவள் வர்க்கி சுட்டாள், அவள் புருஷன் நல்லாருக்கு என்று சொன்னான். பாக்கியத்தின் மேல் இருந்த கோபம்கூட அரை டம்ளராகக் குறைந்துபோனது.

சாயங்காலம் பாக்கியம் காலித் தட்டோடு வந்தாள். வாசலில் நின்று பேசுகிறவள், அன்றைக்கு அடுப்படி வரைக்கும் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கேக்கு பண்றேன்னீங்களேக்கா, பண்ணலீங்களா?"

"மனசு மாறிடுச்சு. வர்க்கி பண்ணிட்டேன்."

"பண்ணும்போது அந்தக் கப்புலயே ரெண்டு, நாலுன்னு ஊத்துங்கக்கா. உங்க கப்பு சின்னது. நான் ஜக்குத் தண்ணிய ஊத்திப் பாத்தேன். ரெண்டு கப்பு ரொம்பினாத்தான் இருநூத்தி நாப்பது வருது. அத்தச் சொல்லத்தான் அன்னிக்குப் பின்னாடியே கூப்பிட்டேன், உங்க காதுல வுழல."

ராஜமேரி கையிலிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினாள். தள்ளியதையே மறுபடியும் தள்ளினாள். தண்ணீர் ஊற்றும் சத்தம், முந்தானையால் துடைத்தது, பின்னாலிருந்து கூப்பிட்டது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தன. இவள் கப்பைக் கழுவவில்லை, அளந்திருக்கிறாள். தனக்காக, தன் கப்புக்குக் கணக்குப் பார்த்து, ஒரு சொட்டு குறையாமல் சொல்லியிருக்கிறாள். நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. நிஜமாகவே தைத்தது, அதில் பொய் இல்லை.

பாக்கியம் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்தபடி பேசினாள். "அக்கா, அந்த வர்க்கி அளவு எனக்குச் சொல்றீங்களா? எங்கூட்டுக்காரரு அதத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னாருக்கா. நான் வந்து ஒரு வருசம் ஆவப்போவுது. கேக்கு, பிரியாணி, என்னென்னமோ பண்ணிப் போட்டேன். ஒரு வாட்டிகூட அந்த வார்த்த வந்ததில்ல. இன்னிக்கு உங்க வர்க்கிக்கு வந்துடுச்சு."

ராஜமேரி அவளைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். கிறிஸ்துமஸ் அன்றிலிருந்து நாலு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். பாவம் என்று இருந்தது. சொல்லிவிடு, இதே கப்பில் ஒரு கப்பும் ரெண்டு கப்பும் ஊற்று, கேக்கைக் கெடுத்தால் வர்க்கி வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

இன்னொரு குரலும் இருந்தது. கேக்கு அவளிடம் இருக்கிறது. ஜக்கு அவளிடம் இருக்கிறது. ஊரே அவள் பக்கம் இருக்கிறது. பதினோரு வருடம் காத்திருந்து தனக்கென்று வந்த ஒரே ஒரு டின் வர்க்கி. அதையும் அவள் கையில் கொடுத்துவிட்டால் நாளைக்கு அதையும் தன்னைவிட நன்றாகச் செய்வாள். அப்புறம் தனக்கென்று என்ன மிச்சம்?

"ஒரு கப்பு டால்டா, ரெண்டு கப்புப் பால்" என்றாள் ராஜமேரி.

"உங்க கப்புலயாங்கக்கா?"

ராஜமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல. போர்டிங் சிஸ்டர் சொன்ன கப்பு. இருநூத்தி நாப்பது மில்லி."

பாக்கியம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அது நம்ம கேக்கு அளவாட்டமே இருக்குதேக்கா."

"அளவு அதேதான். காய வைக்கற பக்குவத்துல இருக்குது எல்லாம்."

"செரிங்கக்கா" என்று பாக்கியம் எழுந்து போனாள். அவள் போனதும் ராஜமேரி அலமாரிக்குப் போய், நீலப்பூக் கப்பை மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டினாள். பூட்டிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சவரிமுத்து வாசலில் உட்கார்ந்து தக்காளிக் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்தே வாசனை தூக்கிக்கொண்டிருந்தது. வர்க்கி வாசனை இல்லை அது. ராஜமேரிக்கு அந்த வாசனை தெரியும். பாக்கியம் தட்டோடு வந்தாள். தட்டில் மெத்தென்று, மஞ்சளாக, கத்தி போட்ட இடத்தில் ஈரம் மின்னிக்கொண்டு கேக்குத் துண்டுகள் இருந்தன.

சவரிமுத்து ஒன்றை எடுத்தான். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தான். ராஜமேரி நிலைப்படியில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றான். மென்று முழுங்கிவிட்டு, "வர்க்கிய வுட இதுதான் நல்லாருக்கு" என்றான்.

"அக்கா சொன்ன அளவுதாங்க மாமா" என்றாள் பாக்கியம். "ஒரு கப்பு டால்டா, ரெண்டு கப்புப் பால். அக்கா சொன்னாங்க, நான் அப்படியே ஊத்தினேன்."

அவள் குரலில் குத்தல் இருந்ததா, நிஜமாகவே பெருமையை இவளுக்கே விட்டுக்கொடுத்தாளா என்று ராஜமேரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாள். முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தான் வர்க்கி அளவை மறைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் ராஜமேரிக்குத் தெரிந்துவிட்டது.

சவரிமுத்து பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"இத்தன நல்ல அளவ நீயே கையில வெச்சிக்கிட்டு, நீ ஏன் இப்படிச் செய்யறதில்ல?"

ராஜமேரி உள்ளே போனாள். காப்பி போட்டாள். டம்ளரை எடுக்கப் போன கை நின்றது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, நீலப்பூக் கப்பை எடுத்து, அதில் காப்பியை ஊற்றி, சாசரில் வைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். பதினோரு வருடத்தில் சாமியார் தவிர வேறு ஒருவரும் அதில் குடித்ததில்லை. ஏன் அதில் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒன்றுக்காவது அவன் அவளைக் கவனிக்க வேண்டும் போலிருந்தது.

சவரிமுத்து கப்பை வாங்கி இரண்டே மடக்கில் காலி செய்தான். கவிழ்த்து அடியைப் பார்த்தான்.

"இதென்ன கப்பு, பாதிதான் புடிக்குது" என்று திரும்ப நீட்டினான். "இன்னொண்ணு ஊத்து."

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். ராஜமேரி கப்பை வாங்கிக்கொண்டு, இன்னொன்று ஊற்ற உள்ளே போனாள்.